எஞ்சினுக்கு நாடி பார்ப்போம்

திருச்சியிலிருந்து மதுரை செல்லும் நெடுஞ்சாலையில், விராலிமலையைத் தாண்டியபின் வருவது கொடும்பாளூர். அங்குள்ள மூவர் கோயிலைக் காண, பள்ளியில் படித்த நாளில் என் தந்தையாரின் பழைய மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்ந்து சென்றேன். மேட்டில் ஏறும்போது எஞ்சினில் 'டக் டக்' என்று உலோகத்தைத் தட்டுவது போன்ற ஓசை எழுந்தது. சாலையோர மெக்கானிக் ஒருவர் காது கொடுத்துக் கேட்டார். "டைமிங் ரொம்ப முன்னால இருக்கு, சார்" என்று கூறி, பாயிண்ட் தட்டைச் சற்றே திருப்பினார். ஓசை நின்றது. ஆனால் அன்றுமுதல் வண்டியில் இழுவை குறைந்தது. பெட்ரோல் செலவோ கூடியது! ஏன்?

சிலிண்டருக்குள் நிகழ்வதைப் பார்ப்போம். பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் மேலேறி அமுக்குகிறது. அது உச்சியை அடையுமுன் பிளக்கில் தீப்பொறி பாய்கிறது. கலவை ஒரே நொடியில் வெடித்துவிடுவதில்லை. தீச்சுவர் ஒன்று பிளக்கிலிருந்து புறப்பட்டுப் பரவுகிறது. நிமிடத்திற்கு 3000 சுற்று சுழலும் எஞ்சினில், எரிதல் 45 பாகை நீடித்தால் அதற்கு ஆகும் நேரம் நொடியில் 400-இல் ஒரு பங்குதான்.

பொறி மிக முன்னதாகப் பாய்ந்தால், மேலேறும் பிஸ்டனையே அழுத்தம் எதிர்த்துத் தள்ளும். தீ இன்னும் எட்டாத கடைசிக் கலவையும் சூடேறித் தானாகவே பற்றிக்கொள்ளும். அதுவே அந்த 'டக் டக்'. நீடித்தால் பிஸ்டனே பழுதாகிவிடும். பொறி பிந்தினாலோ, இறங்கி ஓடும் பிஸ்டனைத் தீ துரத்த வேண்டியிருக்கும். வெப்பம் புகைக்குழாய் வழியே வீணாகும். முந்தினால் காதுக்குக் கேட்கிறது, பிந்தினால் கேட்பதில்லை! மெக்கானிக்கின் காது ஏமாந்தது இங்கேதான்.

இரண்டையும் காட்டும் கருவி உண்டா? உண்டு. 1880-இல் கியூரி சகோதரர்கள், குவார்ட்ஸ் போன்ற படிகங்களை அழுத்தினால் மின்னூட்டம் தோன்றுவதைக் கண்டறிந்தனர். அத்தகைய படிகத்தைச் சிலிண்டர் தலையில் பொருத்தி, கிராங்க் திரும்பும் ஒவ்வொரு பாகைக்கும் அழுத்தத்தைப் பதிவு செய்கிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். பிஸ்டன் கீழே இருக்கும்போது பருமன் 112.5 க.செ.மீ., மேலே 12.5 க.செ.மீ. எனக் கொள்வோம். அதாவது 9 மடங்கு அமுக்கம். பாயில் விதிப்படி 1 பார் அழுத்தம் 9 பார் ஆக வேண்டும். ஆனால் விரைவாக அமுக்கும்போது வாயு சூடேறுவதால், அழுத்தம் × (பருமன்)^1.3 ஏறத்தாழ மாறாதிருக்கும். எனவே தீயே இல்லாவிட்டாலும் அழுத்தம் சுமார் 17 பார் ஆகும்.

இப்போது தீ எரிகிறது. உச்சியில் அழுத்தம் 25 பார். சுமார் 7 பாகை கழித்துப் பருமன் 13 க.செ.மீ., அழுத்தம் 32 பார். உயர்வு 7 பார்தானா? இல்லை! அந்த இடைவெளியில் தீ இல்லாதிருந்தால், பருமன் விரிந்ததால் அழுத்தம் 23.8 பாராக இறங்கியிருக்கும். ஆகவே தீயின் பங்கு 32 − 23.8 = 8.2 பார். இவ்வாறு ஒவ்வொரு இடைவெளிக்கும் கணக்கிட்டு, அவற்றை ஒரே பருமனுக்குரியவையாக மாற்றிக் கூட்டினால், எந்தப் பாகையில் எத்தனை பங்கு எரிந்தது என்பது விளங்கும். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்கள் ராஸ்வைலர், வித்ரோ இருவரும் 1938-இல் வெளியிட்ட முறை இது. குவார்ட்ஸ் சன்னல் வழியே தீயைப் படமெடுத்து, கணக்குடன் ஒப்பிட்டும் பார்த்தனர் அவர்கள்!

ஒரு சுற்றில் எரிவதுபோல் மறு சுற்றில் எரிவதில்லை. எனவே நூற்றுக்கணக்கான சுற்றுகளின் சராசரியை எடுக்கிறார்கள். பொதுவாக, உச்சிக்குப் பின் 8 முதல் 10 பாகைக்குள் பாதிக் கலவை எரிந்திருந்தால் எஞ்சின் நன்கு இழுக்கும்.

இக்கணக்கு இன்றும் தேவை. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் இன்று நம் நாட்டில் விற்கப்படுகிறது. எத்தனால் எரியும் விதம் வேறு; 'டக் டக்' ஓசையை எதிர்க்கும் தன்மையும் அதற்கு அதிகம். ஆகவே பொறி பாய வேண்டிய நேரத்தையும் புதிதாக ஆராய வேண்டியுள்ளது. சென்னை ஐ.ஐ.டி.யில் எரிதல் ஆய்வுக்கென்றே தேசிய மையம் ஒன்று இயங்குகிறது. நாளை உங்களில் ஒருவர் அத்தகைய ஆய்வகத்தில் அமரலாம் அல்லவா?

அதற்கு முன் ஒரு பயிற்சி: அமுக்க விகிதம் 9-க்குப் பதில் 10 ஆனால், தீயில்லாத உச்ச அழுத்தம் எவ்வளவு? மடக்கை அட்டவணையை எடுங்கள். விடை 20 பாருக்கு அருகில் வர வேண்டும்!