இரு கைகள் இணைந்த எழுத்து

நுழையும்முன்

அயல்நாட்டில் வாழச் செல்பவர் அந்நாட்டு மொழியைக் கற்க விழைவது இயல்பு. அதற்கு அகராதி உதவும், இலக்கண நூல் உதவும், ஆசிரியரும் உதவுவார். எனினும், அம்மண்ணில் ஒரு நண்பரேனும் வாய்க்காதவர்க்கு அம்மொழி ஏட்டளவிலேயே நின்றுவிடும். நானூறு ஆண்டுகளுக்கு முன்னர்ச் சீனம் சென்ற ஓர் ஐரோப்பியர், அந்நாட்டு மொழியையும் அம்மக்களின் நட்பையும் ஒருசேரப் பெற்ற வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

முப்பது வயதில் புதிய மொழி

மத்தேயோ ரிச்சி, இத்தாலியின் மாச்செராத்தா நகரில் 1552ஆம் ஆண்டு பிறந்தவர். இயேசு சபையைச் சேர்ந்த துறவி. ரோமில் கணிதமும் வானியலும் பயின்ற அவர், கோவாவிலும் கொச்சியிலும் சில ஆண்டுகள் வாழ்ந்தபின், 1582இல் போர்ச்சுகீசியரின் வணிகத்தளமான மக்காவுக்குச் சென்றார். அங்குதான் சீன மொழியைக் கற்கத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ முப்பது.

அவருக்கு முன்பே அங்கு மொழி பயின்றுகொண்டிருந்தவர் ரூக்கேரி என்னும் துறவி. ரூக்கேரியின் முதல் ஆசிரியர் ஓர் ஓவியர். இருவருக்கும் பொதுமொழி இல்லாததால், அவ்வோவியர் ஒரு பொருளை வரைந்து காட்டி, அதற்குரிய எழுத்தை அருகில் எழுதுவார். இவ்வாறு தூரிகையின் துணையால் தொடங்கியது மொழிக்கல்வி. பின்னர், ரூக்கேரியும் ரிச்சியும் போர்ச்சுகீசிய – சீன அகராதி ஒன்றைத் தொகுக்க முற்பட்டனர். அதன் கையெழுத்துப்படி ரோமில் 1934இல் கண்டெடுக்கப்பட்டது.

தெரிந்து தெளிவோம்

சீன மொழியில் ஒலியின் ஏற்ற இறக்கமும் பொருளை வேறுபடுத்தும். இன்றைய பொதுச்சீனத்தில் நான்கு தொனிகள் உள்ளன. ‘மா’ என்னும் ஒலி, தொனிக்கேற்பத் தாய், சணல், குதிரை, திட்டுதல் எனப் பொருள்படும். தமிழிலும் ‘மா’ என்னும் ஓரெழுத்து ஒருமொழி மரம், விலங்கு, பெரிய எனப் பல பொருள் தருகிறது. தமிழில் சூழலைக் கொண்டு பொருளை அறிகிறோம். சீனத்திலோ தொனியும் துணைசெய்கிறது.

மொழி அறிந்தும் அயலவரே

ரிச்சியும் ரூக்கேரியும் 1583இல் சாவோச்சிங் நகரில் தங்க இசைவு பெற்றனர். ஆயினும், மக்கள் அவர்களை ஐயத்துடனேயே நோக்கினர். அவர்தம் இல்லத்தின்மீது கற்களும் வீசப்பட்டன. ஆறு ஆண்டுகளுக்குப்பின், புதிதாகப் பொறுப்பேற்ற ஆளுநர் ரிச்சியை அந்நகரைவிட்டு வெளியேற்றினார். அதற்குள் ரிச்சி சீனத்தில் பேசவும் படிக்கவும் கற்றிருந்தார். மொழியறிவு மட்டுமே ஒருவரை ஓர் ஊரினராக்கிவிடாது என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது. அயலவர் ஒருவருக்காகப் பரிந்து பேசவும், அவர் இன்னார் என்று பிறருக்கு எடுத்துரைக்கவும் அம்மண்ணைச் சேர்ந்தவர் ஒருவர் வேண்டும்.

வெள்ளி தேடி வந்த நண்பர்

அத்தகைய நண்பர், ரிச்சி அடுத்துக் குடியேறிய ஷாவ்சௌ நகரில் வாய்த்தார். அவர் பெயர் சூ தைசு. உயர் அதிகாரி ஒருவரின் மகன். பாதரசத்தை வெள்ளியாக்கும் வித்தையை ரிச்சி அறிவார் என நம்பியே அவர் வந்தார். வித்தை கிடைக்கவில்லை, கணிதம் கிடைத்தது. எண்கணக்கையும் வடிவியலையும் ஆர்வத்துடன் கற்ற தைசு, யூக்ளிடின் முதற்பகுதியைச் சீனத்தில் எழுதியும் பார்த்தார்.

தைசு திருப்பி அளித்தவை எந்த நூலிலும் கிடைக்காதவை. விருந்தினரை எவ்வாறு வரவேற்பது, யார்க்கு எவ்வாறு வணக்கம் செலுத்துவது, எத்தகைய பரிசு தகும் என்பவற்றை ரிச்சி நண்பரிடமிருந்து அறிந்தார். தொடக்கத்தில் ரிச்சி, பௌத்தத் துறவியரைப்போலத் தலையை மழித்து அவர்தம் உடையை அணிந்திருந்தார். அக்கோலத்தில் கற்றறிந்தோர் அவையில் உரிய மதிப்புக் கிடைக்காது எனத் தைசு எடுத்துரைத்தார். அதன்படி ரிச்சி தாடி வளர்த்து, 1595 முதல் அறிஞர்களுக்குரிய பட்டாடையை அணியலானார். தம் நட்பு வட்டத்தினர்க்கும் தைசு அவரை அறிமுகம் செய்துவைத்தார்.

நட்பைப் பற்றிய நூல்

1595இல் நான்சாங் நகரை அடைந்த ரிச்சிக்கு, அங்கு வாழ்ந்த மிங் அரசகுலத்தவர் ஒருவரின் நட்புக் கிட்டியது. அவருக்காக ரிச்சி சீனமொழியில் எழுதிய நூலே ‘நட்பைப் பற்றி’ என்பது. சீனத்தைக் கற்கத் தொடங்கிய பதின்மூன்று ஆண்டுகளில், அம்மொழியில் அவர் படைத்த நூலின் பொருள் நட்பாக அமைந்தது கருதத்தக்கது. கிரேக்க, ரோமானிய அறிஞர்களின் கருத்துகளைத் தழுவிய அந்நூல், பின்னர் நூறு சிறு கூற்றுகளாக விரிந்தது.

நட்பைக் குறிக்கும் சீன எழுத்தின் பழைய வடிவம் இரு கைகளைக் கொண்டது என்று அந்நூலில் ரிச்சி சுட்டுகிறார். நண்பரைக் குறிக்கும் மற்றோர் எழுத்தை இரு சிறகுகளாக அவர் காண்கிறார். ஒரு கையால் செய்ய இயலாதவற்றை இரு கைகள் செய்யும். ஒற்றைச் சிறகால் எப்பறவையும் பறவாது. அயலவர் ஒருவர் தம் எழுத்தின் ஆழத்தை உணர்ந்து எழுதியதைக் கண்ட சீன அறிஞர்கள் அந்நூலை விரும்பிக் கற்றனர். மீண்டும் மீண்டும் அச்சிட்டனர்.

இணைந்து செய்த பணி

ரிச்சி 1601இல் தலைநகர் பெய்ஜிங்கில் குடியேறினார். அங்கு லீ சிசாவ் என்னும் அதிகாரி, ரிச்சியின் உலக வரைபடத்தால் ஈர்க்கப்பட்டு நண்பரானார். அவரது துணையால் 1602இல் ஆறு பகுதிகள் கொண்ட பெரிய உலக வரைபடம் சீனமொழியில் வெளிவந்தது.

மற்றொரு நண்பர் ஷூ குவாங்சி. யூக்ளிடின் வடிவியல் நூலை மொழிபெயர்க்க இருவரும் முற்பட்டனர். ரிச்சி வாய்மொழியாகப் பொருளுரைக்க, குவாங்சி அதனைச் செம்மையான சீனத்தில் எழுதினார். இத்தாலியர்க்குச் சீன நடையின் நுட்பம் எட்டாது. சீனர்க்கு இலத்தீன் தெரியாது. ஒருவரின் குறையை மற்றவர் நிறைவுசெய்ய, முதல் ஆறு பகுதிகள் 1607இல் வெளிவந்தன. புள்ளி, கோடு, பரப்பு, இணைகோடு ஆகியவற்றுக்கு அந்நூல் கையாண்ட கலைச்சொற்களையே இன்றும் சீன மாணவர்கள் வகுப்பறைகளில் பயில்கின்றனர். எஞ்சிய பகுதிகள், இருநூற்றைம்பது ஆண்டுகள் கழித்து 1857இல்தான், மற்றொரு சீன அறிஞரும் ஆங்கிலேயரும் இணைந்து உழைத்ததால் நிறைவுற்றன.

ரிச்சி 1610இல் பெய்ஜிங்கில் மறைந்தார். அவரை அடக்கம் செய்யப் பேரரசரே நிலம் வழங்கினார். ஒரு நகரிலிருந்து வெளியேற்றப்பட்ட அயலவர்க்குத் தலைநகரிலேயே இடம் கிடைத்தது.

இன்றைய கற்போர்க்கு

இன்று சீனத்தில் பயிலும் அயல்நாட்டு மாணவர்கள், தம் நாட்டவரோடு மட்டுமே உண்டு உறைந்து காலம் கழிப்பதும் உண்டு. மொழியை முழுமையாகக் கற்றபின் நண்பர்களைத் தேடலாம் என எண்ணுவோரும் உளர். தைசுவும் குவாங்சியும் ரிச்சியின் மொழிப்பயிற்சிக்கான கருவிகளாக இருந்தவர்கள் அல்லர். ரிச்சி அவர்களிடம் கற்றார். தாம் அறிந்ததை அவர்களுக்குக் கற்பித்தார். பெறுவதும் தருவதும் ஒத்திருந்தமையால் அந்நட்பு நிலைத்தது. அந்நட்பினால் மொழியும் வளம்பெற்றது. அயல்மொழியைக் கற்பவர் தம்மிடம் உள்ள ஒன்றையும் உடன்கொண்டு செல்லவேண்டும். பாட்டு, விளையாட்டு, சமையல், கணக்கு என அஃது எதுவாகவும் இருக்கலாம். நீட்டிய ஒரு கையைப் பற்ற மறுகை ஒன்று வரும்.

கற்பவை கற்றபின்…

1. திருக்குறளின் ‘நட்பு’ அதிகாரக் கருத்துகளைச் சூ தைசு – ரிச்சி நட்புடன் ஒப்பிட்டு வகுப்பறையில் உரையாற்றுக.

2. உங்கள் ஊரில் வாழும் பிறமொழியாளர் ஒருவர்க்கு, அகராதியில் கிடைக்காத எவ்வழக்கங்களை நீங்கள் கற்பிப்பீர்கள்? பட்டியலிடுக.

3. ‘மொழியறிவு மட்டும் ஒருவரை ஓர் ஊரினராக்காது’ – இக்கூற்றைப் பாடச் சான்றுகளுடன் விளக்குக.