சிறு தொகைகளும் மின்னணுப் பாதுகாப்பும்

கடையிலோ இணையவழியிலோ பத்து ரூபாய் செலுத்துவதற்கும் பத்தாயிரம் ரூபாய் செலுத்துவதற்கும் ஒரே வகைச் சரிபார்ப்பு தேவையா? மின்னணுப் பணப் பட்டுவாடாவில் எழும் அடிப்படை வினா இது. ஒவ்வொரு சிறு தொகையும் வங்கியின் கணினியைச் சென்றடையுமாயின் அதன் சுமை பெருகும். பட்டுவாடா தடைப்படவும் கூடும்.

இதற்குத் தீர்வாக இந்தியாவில் 2022 செப்டம்பரில் யூ.பி.ஐ. லைட் முறை அறிமுகமாயிற்று. இம்முறையில் பயனாளர், தம் இரகசிய எண்ணைப் பயன்படுத்தி, வங்கிக் கணக்கிலிருந்து ஒரு தொகையைக் கைபேசியிலுள்ள மின்னணுப் பணப்பைக்கு மாற்றிக்கொள்கிறார். பின்னர் அப்பையிலிருந்து செய்யும் சிறு செலவுகளுக்கு இரகசிய எண் தேவையில்லை.

அவ்வாறாயின் பாதுகாப்பு எங்கே உள்ளது? உச்சவரம்பில் உள்ளது. தொடக்கத்தில் ஒரு பட்டுவாடாவுக்கு 200 ரூபாய், மொத்த இருப்பு 2,000 ரூபாய் என்றிருந்த வரம்புகள் 2024 டிசம்பரில் முறையே 1,000 ரூபாயாகவும் 5,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டன. கைபேசி பிறர் கைக்குச் சென்றாலும், பணப்பை தானாக நிரம்பும் வசதியைத் தெரிவு செய்யாதவரை, அதன்வழி நேரும் இழப்பு இருப்பைத் தாண்டாது.

எனினும் 5,000 ரூபாய் எல்லோருக்கும் சிறு தொகையன்று. தினக்கூலி பெறுவோருக்கு அது பல நாள் உழைப்பு. எனவே, சில நாள் செலவுக்கு வேண்டியதை மட்டும் பணப்பையில் வைத்திருப்பதே தக்கது.