உடம்பு தேற வேண்டும் என்று கேட்ட மருமகனுக்கு

கோவில்பட்டி

அன்புள்ள மருமகனுக்கு அத்தை எழுதுவது.

போனில் பேசினால் "சரி அத்தை, சரி அத்தை" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். மைதானத்தில் டேப் வைத்து அளந்தபோது மார்பு 79 செ.மீ. தான் வந்ததாம். காவலர் தேர்வுக்கு 81 வேண்டும், மூச்சை இழுத்தால் இன்னும் 5 விரிய வேண்டும் என்று நீ தூக்கம் கெட்டுக் கிடப்பதாக உன் அப்பா சொன்னான். "எனக்கு மெட்டபாலிசம் ஜாஸ்தி, என்ன தின்னாலும் உடம்பில் ஒட்டாது" என்று முடிவே கட்டிவிட்டாயாம். யாரோ சொன்னார்கள் என்று பவுடர் டப்பா ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறாயாம். டப்பா அப்படியே கடையில் இருக்கட்டும். முதலில் டெஸ்டுக்கு ரத்தம் கொடு.

காரணம் சொல்கிறேன். நான் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தபோது தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்த ஒரு பெண்ணை அவள் அம்மா அழைத்து வந்தாள். மூன்று வேளையும் தட்டு நிறையச் சாப்பிடுகிறாள், ஆனால் எலும்பும் தோலுமாக இருக்கிறாள். ஒரு வருஷமாக எல்லாரும் "அவள் வாகு அப்படி" என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். கையில் தாயத்து கூட இருந்தது. டாக்டர் அவளை இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். மின்விசிறியை நிறுத்திய பிறகும் தாளின் ஓரம் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. படுக்கவைத்து நாடி பார்த்தேன், நிமிடத்துக்கு 120க்குக் குறையவில்லை. தைராய்டு மிதமிஞ்சிச் சுரந்துகொண்டிருந்தது. கார்பிமசோல் மாத்திரை ஆரம்பித்துச் சில மாதங்களில், அதே சோற்றைத் தின்று அந்தப் பெண் கன்னம் வைத்துவிட்டாள்.

தொண்டைக்கு முன்புறம், குரல்வளைக்குக் கீழே இருக்கும் அந்தச் சின்னச் சுரப்பிதான் உடம்பு எவ்வளவு வேகமாக எரிக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறது. அது அளவுக்கு மேல் சுரந்தால் தின்றதெல்லாம் எரிந்துபோகும், தசையும் கரையும். நீ சொல்லும் "மெட்டபாலிசம் ஜாஸ்தி" நிஜமாகவே வியாதியாக இருப்பது இங்கேதான். பெண்களுக்கு அதிகம் வரும், ஆண்களுக்கும் வரும். ஆகவே என்னிடம் மறைக்காமல் சொல்: சும்மா உட்கார்ந்திருக்கும்போது நெஞ்சு படபடக்கிறதா? அறையில் மற்றவர்கள் போர்வை போர்த்தியிருக்கும்போது உனக்கு மட்டும் வியர்க்கிறதா? ஒரு நாளில் மூன்று நான்கு தடவை வெளிக்குப் போகிறாயா? ஒன்றுமில்லாததுக்கெல்லாம் எரிச்சல் வருகிறதா? கழுத்தில் வீக்கம், கண் பிதுங்கினாற்போல் இருப்பது ஏதாவது உண்டா?

எதுவும் இல்லை என்றாலும் டெஸ்ட் எடுத்துவிடு. டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4, டி3 மூன்றும் வேண்டும். டி.எஸ்.எச். பெரும்பாலான லேபில் ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை சரி என்று போட்டிருப்பார்கள். அது குறைந்திருந்தால் தைராய்டு குறைவு என்று நினைத்துக்கொள்ளாதே, கணக்கு தலைகீழ். தைராய்டு அதிகம் சுரக்கும்போதுதான் மூளையிலிருந்து வரும் அந்த டி.எஸ்.எச். இறங்கும். இன்னொன்று, முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை போடுகிறாய் அல்லவா? அது அதிக அளவில் ரத்தத்தில் இருந்தால் சில லேப் மெஷின்களில் தைராய்டு இல்லாதவனுக்கும் இருப்பதுபோல் ரிசல்ட் வந்துவிடும். டெஸ்டுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிடு. ரத்தம் எடுப்பவரிடமும் சொல்லிவிடு.

கூடவே சர்க்கரை, ஹீமோகுளோபின் பார்த்துக்கொள். தாகம் அடங்காமல் தண்ணீர் குடித்து, ராத்திரி அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுந்தால் அதை டாக்டரிடம் அன்றைக்கே சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை இருந்தால் சளிப் பரிசோதனை அரசு ஆஸ்பத்திரியிலேயே இலவசம். பத்துப் பேர் ஒரே அறையில் தங்கிப் படிக்கிறீர்கள், டி.பி.யை லேசாக நினைக்காதே. டாக்டர் முதலில் கேட்கும் கேள்வி, நீ எப்போதுமே இப்படியா அல்லது சமீபத்தில் இறங்கினாயா என்பதுதான். கல்லூரியில் 53 கிலோ இருந்தாய், மைதானத்துக்குப் போக ஆரம்பித்த பிறகு 51 என்கிறாய். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருந்தால் அதையும் சொல்.

ஒருவேளை தைராய்டு என்றே வந்தாலும் பயப்பட ஒன்றுமில்லை. மாத்திரை ஒன்று ஒன்றரை வருஷம் சாப்பிட வேண்டியிருக்கும், இடையில் நீயாக நிறுத்தக் கூடாது. அந்த மாத்திரை போடும் காலத்தில் காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால் மட்டும் கஷாயம் வைத்துக் குடித்துக்கொண்டு இருக்காதே. உடனே போய் வெள்ளை அணுக்கள் எண்ணிக்கை பார்க்க வேண்டும். அபூர்வமாகத்தான் அது இறங்கும், இறங்கினால் ஆபத்து. நாடி அடங்கும்வரை ஓட்டத்தையும் நிறுத்திவை.

எனக்கென்னவோ உன் ரிசல்ட் சரியாகத்தான் வரும் என்று தோன்றுகிறது. அப்படி வந்தால் "என் உடம்பு எதையும் ஏற்காது" என்ற பேச்சை விட்டுவிட வேண்டும். 1990இல் கனடாவில் ஒரு ஆராய்ச்சி வெளிவந்தது. ஒரே மாதிரியான இரட்டையர் 12 ஜோடிப் பையன்களை ஓரிடத்தில் தங்கவைத்து, வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு 1,000 கலோரி கூடுதலாக, மொத்தம் 84 நாள் சாப்பிடவைத்தார்கள். அதிகம் ஏறியவனுக்கு 13.3 கிலோ, மற்றவர்களுக்கு அதைவிடக் குறைவு. ஒரே சாப்பாட்டுக்கு இவ்வளவு வித்தியாசம். அண்ணன் எவ்வளவு ஏறினானோ அதை ஒட்டியே அவனுடைய இரட்டைத் தம்பியும் ஏறினான். ஆக, வாகு என்பது பொய்யில்லை. உன் தாத்தா, உன் அப்பா, நீ, மூன்று பேரும் ஒரே அச்சு. ஆனால் அந்தப் பையன்களில் மிகக் குறைவாக ஏறியவனுக்கும் 4.3 கிலோ ஏறியது. ஏறாதவன் ஒருவன் கூட இல்லை. இதை நீ மனதில் இருத்திக்கொள்ள வேண்டும்.

அந்த வித்தியாசம் எங்கே போகிறது என்று அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் பார்த்தார்கள், 1999இல் வெளிவந்தது. 16 பேருக்கு எட்டு வாரம் தினமும் 1,000 கலோரி கூடுதல். ஒருவருக்குக் கால் கிலோவுக்குச் சற்று மேல்தான் கொழுப்பு சேர்ந்தது, இன்னொருவருக்கு நான்கு கிலோவுக்கு மேல். சேராதவர்கள் தாங்களே அறியாமல் அதிகம் அசைந்திருக்கிறார்கள். எழுவது, நடப்பது, உட்கார்ந்த இடத்தில் நெளிவது, இதிலேயே நூற்றுக்கணக்கான கலோரி கரைந்திருக்கிறது. நீ சின்ன வயதிலிருந்து உட்கார்ந்தால் காலை ஆட்டிக்கொண்டே இருப்பாய். "காலை ஆட்டாதேடா, வீட்டுக்கு ஆகாது" என்று ஆச்சி தொடையில் தட்டுவாள், தட்டிய கையை எடுக்குமுன் மறுபடி ஆடும். போனில் பேசும்போது அறைக்குள் சுற்றிச் சுற்றி நடப்பாய். நீ கூடுதலாகத் தின்கிற அன்றைக்கு உன் உடம்பு கூடுதலாக ஆடிச் செலவழித்துவிடுகிறது. இதை நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம். செலவுக்கு மேல் வரவு வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

வரவைப் பார்ப்போம். நான் கேட்டு நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலைக் கூட்டிப் பார்த்தேன். வெறும் வயிற்றில் ஓட்டம். பிறகு நாலு இட்லி, சாம்பார், சட்னி. மத்தியானம் மெஸ் சாப்பாடு. இரண்டு டீ, இரண்டு வடை. ராத்திரி இரண்டு பரோட்டா, சால்னா. எப்படிக் கூட்டினாலும் 2,200 கலோரி பக்கம்தான் வருகிறது. உன் வயது, உயரம், காலை மாலை இரண்டு வேளை ஓட்டம் எல்லாம் சேர்த்தால் 2,400க்கு மேல் செலவு. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பிளேட் பிரியாணி தின்பது உனக்கு ஞாபகம் இருக்கிறது. திங்கட்கிழமை பசியில்லாமல் காலைச் சாப்பாட்டை விட்டது ஞாபகம் இல்லை. நிறையச் சாப்பிடுகிறேன் என்று நம்புகிற ஒல்லிப் பிள்ளைகள் பலரிடம் நான் பார்த்தது இதுதான். பரோட்டா வயிற்றை அடைத்துவிடுவதால் நிறையத் தின்றதுபோலவும் இருக்கும்.

இப்போது உனக்கு வேண்டியது தினமும் 500, 600 கலோரி கூடுதல். அதைச் சோற்றைக் குவித்துச் சாதிக்கப் பார்க்காதே, உன்னால் முடியாது. இருப்பதைச் சத்தாக்கு. ஓடப் போகுமுன் இரண்டு வாழைப்பழம். வந்ததும் இரண்டு முட்டை, இட்லிக்குப் பொடியில் நல்லெண்ணெய் தாராளமாக. ஒரு மேஜைக்கரண்டி எண்ணெயே 120 கலோரி. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் டீயும் தண்ணீரும் குடித்து வயிற்றை நிரப்பாதே. சாயங்காலம் வடைக்குப் பதில் ஒரு கைப்பிடி வறுத்த கடலை, 50 கிராமில் 280 கலோரிக்குக் குறையாது, 12 கிராம் புரதமும் உண்டு. நம்மூர்க் கடலை மிட்டாய் பையில் இருக்கட்டும், லைப்ரரியில் உட்கார்ந்து படிக்கும்போது வாயில் போட்டுக்கொள். ராத்திரி படுக்குமுன் ஒரு டம்ளர் பால், இன்னும் இரண்டு முட்டை. "இளைத்தவனுக்கு எள்ளு" என்று சும்மா சொல்லி வைக்கவில்லை, எள்ளில் பாதி எண்ணெய்தான்.

வாரம் ஒருமுறை உளுந்தங்களி கிண்டிக்கொள். உளுந்தை வாசம் வரும்வரை வறுத்து அரைத்து மாவாகவே அனுப்புகிறேன். கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டிக் கொதிக்கவிட்டு, மாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றி, அடுப்பைத் தணித்துக் கிண்ட வேண்டும். நல்லெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிண்டு. பாத்திரத்தில் ஒட்டாமல் சுருண்டு, எண்ணெய் ஓரத்தில் கசியும்போது இறக்கு. உன் அறையில் இருக்கும் இண்டக்‌ஷன் அடுப்பே போதும்.

ஓட்டத்தைக் குறை. 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட தினமும் இரண்டு வேளை ஓடத் தேவையில்லை, அந்தத் தூரத்தை நீ இப்போதே ஓடிவிடுகிறாய். வாரத்தில் நாலு நாள் காலை ஓட்டம் போதும். சாயங்காலம் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்டால், பஸ்கி, கம்பியில் தொங்கி ஏறுவது. தண்டால் எளிதாகிவிட்டால் முதுகில் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு எடு. பளுவே தூக்காமல் தின்றால் வயிற்றில்தான் போடும், மார்பு அகலாது. உனக்கு நாளுக்கு 80 கிராம் புரதம் இருந்தால் தசை வைக்கும். நான் சொன்ன முட்டை, பால், கடலையோடு பருப்பும் சுண்டலும் சேர்ந்தால் வந்துவிடும். அப்புறம் தூக்கம். ஐந்து மணி நேரம் தூங்கி எழுந்து ஓடுகிறவனுக்குத் தசை எப்போது வளரும்? ஏழு மணி நேரமாவது தூங்கு ஐயா.

பவுடருக்கு வருகிறேன். நீ பார்த்த மாதிரி "மாஸ் கெய்னர்" டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் படி. பெரும்பங்கு மாவுச்சத்தும் சர்க்கரையும்தான் இருக்கும். விஷம் இல்லை, காசுக்குக் கேடு. என்னைப் பயமுறுத்துவது வேறு. ஒரு மாதத்தில் பத்துக் கிலோ ஏற்றிக் காட்டுகிறேன் என்று பேர் இல்லாத லேகியமும் மாத்திரையும் விற்கிறார்களே, அதைத் தொடவே தொடாதே. அப்படிப்பட்டவற்றில் டெக்ஸாமெதசோன் போன்ற ஸ்டீராய்டைக் கலப்பதுண்டு. பசி எடுக்கும், முகம் வட்டமாக உப்பும், எல்லாரும் "தேறிட்டானே" என்பார்கள். உள்ளே தசை கரையும், எலும்பு மெலியும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும். திடீரென்று நிறுத்தினால் மயங்கி விழுந்து உயிருக்கே வினையாகும். அப்படி முகம் உப்பி, கால் மட்டும் குச்சியாக இருந்த ஒரு இளைஞனுக்கு நான் டிரிப் போட்டிருக்கிறேன். தன் கல்யாணத்துக்காகச் சாப்பிட்டதாகச் சொன்னான். நீ ஏற்கெனவே ஏதாவது சாப்பிட்டிருந்தால் திட்ட மாட்டேன், பேரை மட்டும் சொல்.

172 செ.மீ. உயரத்துக்கு 51 கிலோ என்றால் பி.எம்.ஐ. 17தான். 18.5க்கு மேல் வர 55 கிலோ வேண்டும். வாரத்துக்குக் கால் கிலோ ஏறினால் நான்கு மாதம். ஞாயிறு காலையில் வெளிக்குப் போய்விட்டு வந்து, சாப்பிடுமுன், ஒரே மெஷினில் பார். தினமும் ஏறி நின்று மனதைக் கெடுத்துக்கொள்ளாதே, தண்ணீர் குடித்தாலே அரை கிலோ கூடும். மூன்று வாரம் அசையவில்லை என்றால் இன்னும் 200 கலோரி சேர்.

கல்யாண வீடுகளில் உன்னைப் பார்த்து "காற்றடித்தால் பறந்துவிடுவான்" என்று சிரிக்கிறார்கள், நீ முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஓரமாக நிற்கிறாய். அது எனக்குப் பொறுக்கவில்லை. இனி என் எதிரில் யாராவது சொல்லட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன். நீ அரைக்கை போட்டுக்கொண்டு பந்தியில் முதல் வரிசையில் உட்கார்.

உளுந்து மாவும், எள்ளுருண்டையும், ஒரு லிட்டர் செக்கு நல்லெண்ணெயும் பார்சலில் போட்டிருக்கிறேன். நாளை மறுநாள் கைக்கு வரும். லேபுக்குப் பணம் உன் கணக்கில் போட்டுவிட்டேன், அப்பாவிடம் சொல்ல வேண்டாம். ரிசல்ட் தாளை முழுசாகப் போட்டோ எடுத்து அனுப்பு, டி.எஸ்.எச். வரி வெட்டுப்படாமல் இருக்கட்டும்.

அன்புடன்,
உன் அத்தை