குழல் விளக்கின் காப்புறை

வகுப்பறையின் கூரையிலும், தொடர்வண்டி நிலைய நடைமேடையிலும், மருத்துவமனைத் தாழ்வாரத்திலும் நெடுங்காலம் வெண்ணொளி பரப்பி வந்தது குழல் விளக்கு. அதனை நிமிர்ந்து பார்ப்பவர் கண்ணுக்கு நீண்ட கண்ணாடிக் குழல் மட்டுமே தெரியும். குழலுக்குப் பின்னால் வெள்ளை வண்ணம் பூசிய தகட்டுப் பெட்டி ஒன்று உண்டு. இந்தியாவின் பல பகுதிகளில் மின்பணியாளர் அதனைப் ‘பட்டி’ என்பர். கம்பிகளும், அவற்றை இணைக்கும் இணைப்பான்களும், ‘சோக்கு’ எனப்படும் கனத்த பொருளும் அதனுள் அடங்கியிருக்கின்றன. விளக்கை எரியச் செய்வதும், அது எரியும்போது மனிதர்க்குத் தீங்கு நேராமல் காப்பதும் கண்ணுக்குத் தெரியாத இப்பொருள்களே.

சொன்னதைச் சற்றுத் தாமதமாகப் புரிந்துகொள்பவரை ‘டியூப்லைட்’ என்று கேலி செய்யும் வழக்கம் தமிழிலும் இந்தியிலும் ஒருங்கே உள்ளது. குண்டு விளக்கு விசையை அழுத்தியவுடன் எரிந்துவிடும். பழைய குழல் விளக்கோ இரண்டு மூன்று முறை கண்சிமிட்டிய பின்னரே எரியும். கேலி அதனால் பிறந்தது. ஆயினும் அந்த ஓரிரு நொடிகளில் பட்டிக்குள் நிகழ்வதை அறிந்தவர், அச்சொல்லை இழிவாகக் கருதமாட்டார்.

குழலின் இருமுனைகளிலும் டங்ஸ்டன் இழைகள் உள்ளன. உள்ளே சிறிதளவு பாதரச ஆவியும் ஆர்கான் வளிமமும் அடைக்கப்பட்டுள்ளன. மின்னோட்டம் இவ்வாவியின் ஊடே பாயும்போது கண்ணுக்குப் புலப்படாத புறவூதாக் கதிர்கள் தோன்றுகின்றன. குழலின் உட்புறச் சுவரில் பூசப்பட்ட வெண்ணிறப் பொடி அக்கதிர்களை ஏற்றுக் கண்ணுக்குப் புலனாகும் ஒளியாக மாற்றுகிறது. 1938ஆம் ஆண்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த நாள் முதல் இவ்விளக்கின் அடிப்படை மாறவில்லை.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. கம்பியில் பாயும் மின்னோட்டத்திற்குக் கம்பியே ஒரு தடையாக அமைந்து அதனை ஓர் அளவுக்குள் நிறுத்தும். ஆவியின் இயல்பு இதற்கு நேர்மாறானது. மின்னோட்டம் மிகுந்தோறும் ஆவியின் தடை குறையும். தடை குறைந்தோறும் மின்னோட்டம் மேலும் மிகும். கட்டுப்படுத்த எதுவும் இல்லையெனில் நொடிப்பொழுதில் குழல் பழுதாகும். அல்லது உருகுகம்பி அறுந்துபோகும். ஆகவே குழலுக்கு முன்பாக ஒரு கடிவாளம் தேவைப்படுகிறது. மெல்லிய இரும்புத் தகடுகளின் அடுக்கின்மீது பூச்சிட்ட செம்புக்கம்பியைப் பல சுற்றுகள் சுற்றிய கம்பிச்சுருளே அக்கடிவாளம். ஆங்கிலேயர் அதற்கு இரு பெயர்கள் இட்டனர். ஒன்று ‘பாலஸ்ட்’. சரக்கில்லாக் கப்பல் அலையில் புரண்டுவிடாதிருக்க அதன் அடித்தளத்தில் ஏற்றும் பாரத்திற்கு உரிய சொல் அது. மற்றொன்று ‘சோக்’; மூச்சை நெரித்தல் என்பது அதன் பொருள். கடைவீதியில் ‘சோக்கு’ என வழங்குவது இதுவே. ‘சோக்காக இருக்கிறது’ என்று சென்னையில் அழகைப் பாராட்டும் சொல்லுக்கும் இதற்கும் யாதொரு உறவும் இல்லை. தமிழ்க் கலைச்சொல்லாக ‘நிலைப்படுத்தி’ என வழங்கலாம். எனினும் கடைக்காரரிடம் சோக்கு என்று கேட்டால்தான் பொருள் கிடைக்கும்.

இனி, விளக்கு எரியும் முறையைக் காண்போம். விசையை அழுத்தியவுடன் மின்னோட்டம் குழலின் ஊடே பாய்வதில்லை. குளிர்ந்த ஆவி அதற்கு வழிவிடாது. பட்டியின் பக்கவாட்டில் விரல் நீளத்திற்கும் குறைவான உருளை ஒன்று செருகப்பட்டிருக்கும். அதுவே ‘ஸ்டார்ட்டர்’. அதனுள் சிறு கண்ணாடிக் குமிழும், குமிழுக்குள் ஈருலோகப் பட்டையும் உள்ளன. முதலில் குமிழுக்குள் மங்கிய ஒளி தோன்றும். அந்த வெப்பத்தால் பட்டை வளைந்து எதிர்முனையைத் தொடும். மின்னோட்டம் சோக்கு, ஓர் இழை, ஸ்டார்ட்டர், மறு இழை என்ற வழியே சுற்றிவரும்; இழைகள் சூடேறும். இதற்குள் குமிழின் ஒளி அணைந்து, பட்டை குளிர்ந்து, தொடுகையை விட்டு விலகும். அந்தக் கணமே முதன்மையானது. கம்பிச்சுருளில் பாயும் மின்னோட்டத்தைத் திடீரெனத் துண்டித்தால், சுருள் அதனை எதிர்க்கும். துண்டிப்பை மீறி மின்னோட்டத்தைத் தொடரச் செய்ய முயன்று, பல நூறு வோல்ட் மின்னழுத்தத்தை ஒரே வீச்சில் எழுப்பும். நம் வீடுகளுக்கு வரும் 230 வோல்ட்டினும் அது மிக உயர்ந்தது. அவ்வீச்சு குழலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தாவ, விளக்கு எரிகிறது. தாவவில்லையெனில் ஸ்டார்ட்டர் மீண்டும் முயலும். கண்சிமிட்டல் என்பது அம்முயற்சியே ஆகும். விளக்கு எரியத் தொடங்கியபின் சோக்கு தன் மற்றொரு பணியை, அதாவது 40 வாட் குழலில் மின்னோட்டத்தை அரை ஆம்பியருக்கும் குறைவாக நிறுத்திவைக்கும் பணியை மேற்கொள்கிறது.

விளக்கை ஏற்றும் அந்த வீச்சுக்கு நன்மை தீமை தெரியாது. மின்சுற்று எங்கே துண்டிக்கப்பட்டாலும் அங்கே அது எழும். குழலுக்குள் எழுந்தால் ஒளி. தளர்ந்த இணைப்பில் எழுந்தால் தீப்பொறி. இரு கம்பிகளை வெறுங்கையால் முறுக்கி, மேலே ஒட்டுநாடாவைச் சுற்றி விட்டுவிடும் பழக்கம் நாடெங்கும் உண்டு. முதல் ஆண்டில் அதனால் எக்குறையும் தோன்றாது. சோக்கின் வெப்பத்தால் நாடாவின் பசை இளகும், முறுக்கு நெகிழும். நெகிழ்ந்த இடத்தில் கம்பிகள் தொட்டும் விலகியும் நிற்கும். ஒவ்வொரு விலகலிலும் பொறி எழும். ஒவ்வொரு பொறியும் செம்பின் மேற்பரப்பைக் கருக்கும். கருகிய செம்பு முன்னினும் மோசமாகக் கடத்தும். சுவரோரத்தில் தீய்ந்த வாடை வரும்போது பெரும்பாலோர் குழலையே ஐயுறுவர்.

இதற்குத் தீர்வாக அமைந்தவையே இணைப்பான்கள். மின்பணியாளர் ‘கனெக்டர்’ என்று கூறும் எளிய வகையில், மின்கடத்தாப் பொருளால் ஆன கட்டைக்குள் பித்தளைக் குழாய்கள் இருக்கும். கம்பியின் முனையில் சுமார் 8 மில்லிமீட்டர் நீளத்திற்கு மேலுறையை உரித்து, குழாய்க்குள் செலுத்தித் திருகாணியால் இறுக்க வேண்டும். அதிகமாக உரித்தால் வெற்றுச் செம்பு வெளியே தெரியும். குறைவாக உரித்தால் திருகாணி உறையைக் கடித்துக்கொண்டு நிற்கும், செம்பைத் தொடாது. பல இழைக் கம்பியாயின் ஓரிழைகூடப் பிரிந்து அடுத்த குழாயைத் தொடலாகாது. திருகாணியின்றி வில்விசையால் கம்பியைப் பற்றிக்கொள்ளும் வகையும் உண்டு. வெப்பத்தாலும் அதிர்வாலும் கம்பி சிறிது நெகிழ்ந்தாலும் வில் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இருப்பதால் அதன் பிடி எளிதில் தளர்வதில்லை. மின்னணு நிலைப்படுத்திகளில் இன்று காணப்படுவது பெரும்பாலும் இவ்வகையே.

அதிர்வு என்றது வெறும் பேச்சன்று. குழல் விளக்கு ‘ம்ம்’ என்று இரைவதைக் கேட்காதவர் இல்லை. நொடிக்கு 100 முறை திசை மாறும் மின்னோட்டத்தால் சோக்கின் இரும்புத் தகடுகள் நொடிக்கு 100 முறை அதிர்கின்றன. அந்த இரைச்சல் அதுவே. இவ்வதிர்வு இரவு முழுதும் பட்டியின் தகட்டுக்குப் பரவும். கம்பி உள்ளே நுழையும் துளையின் விளிம்பு கூரியது. அங்கே ஒரு ரப்பர் வளையம் பொருத்தப்பட வேண்டும். சில காசு பெறுமானமுள்ள அவ்வளையத்தைத் தொலைத்துவிட்டால், கூரிய விளிம்பு கம்பியின் உறையைச் சிறிது சிறிதாக அறுத்து ஒருநாள் செம்பைத் தொடும். அன்றுமுதல் பட்டி முழுவதும் மின்சாரம் பாய்ந்த பொருளாகிவிடும். ஒட்டடை அடிக்க ஈரக்கையுடன் ஏறியவர் அதைத் தொட்டால் என்னவாகும்? இதன் பொருட்டே உலோகப் பட்டியுடன் பச்சை நிறப் புவியிணைப்புக் கம்பி பூட்டப்படுகிறது. உறை அறுந்தாலும் மின்னோட்டம் மனித உடலை நாடாமல் அக்கம்பி வழியே மண்ணுக்குச் செல்லும். உருகுகம்பியும் அறுந்து மின்சாரத்தை நிறுத்தும். பச்சைக் கம்பி இல்லாமலும் விளக்கு நன்றாகவே எரியும். அதனைப் பலர் விட்டுவிடுவதற்கு அதுவே காரணம்.

மின்னதிர்ச்சி சிறிதாயினும் ஏணியின்மேல் நிற்பவருக்கு அது சிறிதன்று. அதிர்ச்சியால் கைநழுவி விழுதலே பெருங்கேடாக முடியும். அமெரிக்க ஐக்கிய நாட்டின் அலுவலகக் கட்டடங்களில் குழல் விளக்குகள் பலவற்றுக்கு 277 வோல்ட் மின்னழுத்தம் தரப்படுகிறது. ஒரு சோக்கை மாற்ற விசையை நிறுத்தினால் அத்தளத்தின் ஒரு பகுதியே இருளில் மூழ்கும். ஆகவே மின்சாரம் பாய்ந்துகொண்டிருக்கும்போதே சோக்கை மாற்றும் வழக்கம் பரவியது. மின்பணியாளர் சிலர் உயிரிழந்தனர். அந்நாட்டின் தேசிய மின்விதித் தொகுப்பு 2005ஆம் ஆண்டுப் பதிப்பில் இதற்கு ஒரு விதி சேர்த்தது. வீடுகள் அல்லாத கட்டடங்களின் உள்ளே அமையும் இத்தகைய விளக்குகளில், சோக்கை மின்வழியிலிருந்து பிரிக்கும் அமைப்பு இருத்தல் வேண்டும் என்பது அவ்விதி. 2008ஆம் ஆண்டு சனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

அதற்கெனப் பெருவழக்காக வந்தது, இரண்டாகப் பிரியும் சிறு இணைப்பான். அதன் ஒரு பாதி மின்வழியுடனும் மறுபாதி சோக்குடனும் பூட்டப்பட்டிருக்கும். மின்வழிப் பக்கத்துப் பாதியில் செம்பு முனைகள் ஆழ்ந்து கிடப்பதால் விரல் தொட இயலாது. இரு பாதிகளையும் இழுத்துப் பிரித்தால் மின்னோட்டக் கம்பியும் நடுநிலைக் கம்பியும் ஒரே கணத்தில் விலகும். நடுநிலைக் கம்பியை ஏன் பிரிக்க வேண்டும் என்று கேட்கலாம். பல சுற்றுகளுக்கு ஒரே நடுநிலைக் கம்பி பொதுவாக அமையுமிடத்தில், அதனை இடையில் திறந்துவிட்டால், திறந்த முனையிலும் உயிரைக் குடிக்கும் மின்னழுத்தம் நிற்கும். தீங்கற்றது என்று நம்பிக் கைவைத்த கம்பியே கொல்லக்கூடும். ஏணியில் நிற்பவர் நினைவுகூர வேண்டியதைக் கருவியே நினைவிற்கொள்ளுமாறு செய்ததுதான் இவ்விதியின் சிறப்பு எனலாம்.

வீட்டிலும் அலுவலகத்திலும் பொறி உள்ளேயே நின்றால் போதும். நிலக்கரிச் சுரங்கத்தில் அது மட்டும் போதாது. ஜார்க்கண்டின் ஜாரியா, தெலங்கானாவின் சிங்கரேணி முதலிய இடங்களின் நிலத்தடிச் சுரங்கங்களில் நிலக்கரியிலிருந்து மீத்தேன் கசியும். காற்றில் அது 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருந்தால் ஒரு பொறியே வெடிக்கச் செய்யும். சுரங்கக் காற்று எவ்வளவு நன்றாக அடைத்தாலும் விளக்குப் பெட்டிக்குள் புகுந்துவிடும். எனவே பொறியாளர் வேறு விதமாகச் சிந்தித்தனர். உள்ளே வெடிக்கட்டும், வெளியே பரவாதிருக்கட்டும் என்று தடித்த உலோக உறையை வடித்தனர். உறையின் உடலும் மூடியும் சேருமிடத்தில் அகன்ற, வழவழப்பான விளிம்புகள் உள்ளன. அவற்றினிடையே மில்லிமீட்டரில் ஒரு சிறு பகுதியே இடைவெளி. உள்ளே வெடித்த வளிமம் அந்நீண்ட குறுகிய வழியே வெளியேறும்போது, உலோகம் அதன் வெப்பத்தை உறிஞ்சிவிடும். வெளியே வருவது சூடான காற்று மட்டுமே, தீயன்று. 1815ஆம் ஆண்டு ஹம்ப்ரி டேவி தம் சுரங்க விளக்கைக் கம்பிவலையால் சூழ்ந்து காட்டிய உண்மையே இங்கும் பயன்படுகிறது.

இத்தகைய உறைகளுக்குத் தன்பாத் நகரில் தலைமையகம் கொண்ட சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்தின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் பெற்ற உறையும் பேணப்பட்டால்தான் காக்கும். விளிம்பில் துரு குழி பறித்தாலும், ஆழ்ந்த கீறல் விழுந்தாலும், தீ வெளியேற வழி கிடைத்துவிடும். வீட்டுப் பட்டியில் ஒரு திருகாணி குறைந்தால் மூடி சற்றே தொங்கும், பல்லி உள்ளே புகுந்து குடியிருக்கும். சுரங்கத்தில் ஒரு திருகாணி குறைந்தால் அந்தப் பணிநேரத்தில் இறங்கிய அனைவரின் உயிரும் அதில் தொங்குகிறது.

இன்று எல்.இ.டி. விளக்குகள் குழல் விளக்கின் இடத்தைப் பிடித்துவிட்டன. பாதரசத்தைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கையில் இந்தியாவும் ஓர் உறுப்பு நாடு. பொது வெளிச்சத்திற்கான நீள்குழல் விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027ஆம் ஆண்டுக்குள் நிறுத்துவதென அவ்வுடன்படிக்கை நாடுகள் 2023இல் முடிவு செய்தன. ஆயினும் பழைய பட்டிகள் சுவர்களில் எஞ்சியுள்ளன, அவற்றிலேயே எல்.இ.டி. குழலைப் பொருத்துவோர் பலர். இவ்வகைக் குழல்களுள் சிலவற்றில் ஒரு முனைக்கு மின்னோட்டக் கம்பியும் மறுமுனைக்கு நடுநிலைக் கம்பியும் வரும். விசையை நிறுத்தாமல் ஒரு முனையைச் செருகி, மறுமுனையின் ஊசிகளைக் கையால் பிடித்திருந்தால், மின்னோட்டம் குழலைக் கடந்து கைக்கு வரக்கூடும். கழற்றிய பழைய சோக்கில் செம்பு இருப்பதால் காயலான் கடைக்காரர் அதை விலைகொடுத்து வாங்குவார். உடைந்த குழலுக்கோ விலையில்லை. அதனுள் சில மில்லிகிராம் பாதரசம் இருப்பதால் அதனைக் குப்பைத்தொட்டியில் எறிதலும் ஆகாது.

பயிற்சி

1. குழல் விளக்கு கண்சிமிட்டுவதன் காரணத்தை நான்கு தொடர்களில் எழுதுக.

2. “விளக்கை ஏற்றும் அந்த வீச்சுக்கு நன்மை தீமை தெரியாது.” இத்தொடரின் பொருளைப் பாடத்திலிருந்து சான்று காட்டி விளக்குக.

3. பிரித்து எழுதுக: வெண்ணொளி, மின்னோட்டம், காப்புறை, அவ்வளையம்.

4. சுரங்க விளக்கின் உறை வெடிப்பைத் தடுக்கிறதா, தீயைத் தடுக்கிறதா? வேறுபாட்டை விளக்குக.

5. பட்டி, சோக்கு, ஸ்டார்ட்டர் ஆகியவற்றை நீங்கள் வாழும் ஊரின் மின்பணியாளர் எவ்வாறு அழைக்கின்றனர் எனக் கேட்டறிந்து எழுதுக. உங்கள் தாத்தா பாட்டி அவற்றை எவ்வாறு அழைத்தனர் என்பதையும் உடன் குறிப்பிடுக.