தவறிலிருந்து திரும்பும் வழி: யூத மரபில் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

எலூல் மாதம் பிறந்ததும் பல யூத ஜெப ஆலயங்களில் காலை வழிபாட்டில் ஷோஃபர் என்னும் ஆட்டுக்கொம்பை ஊதத் தொடங்குகிறார்கள். அடுத்த மாதமான திஷ்ரியின் முதல் நாள் புத்தாண்டு, பத்தாம் நாள் பாவநிவாரண நாளான யோம் கிப்பூர். அன்று ஏறத்தாழ 25 மணி நேரம் உணவும் தண்ணீரும் இல்லாத நோன்பு. அந்த நாள் வரைக்கும் ஒவ்வொருவரும் தம் கணக்கைத் தாமே பார்க்க வேண்டும். மனிதன் நல்லதையும் கெட்டதையும் தானே தேர்கிறான், தேர்ந்ததன் பலனும் அவனைச் சேர்ந்தது என்பதே இதற்கு அடிப்படை. ஆனால் இந்தக் கணக்கைத் தன்னை நோக்கி மட்டுமே திருப்ப வேண்டும், அடுத்தவர் மேல் வீசக்கூடாது. இந்த மரபின்மேல் எனக்கு மிகுந்த மதிப்பை உண்டாக்கியது இந்தக் கண்டிப்புதான்.

செய்ய வேண்டியவை

தேர்ந்தது நான்தான் என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் மருத்துவராகவும் சட்ட அறிஞராகவும் வாழ்ந்த மைமோனிடஸ், மனந்திரும்புதல் பற்றிப் பத்து அதிகாரங்கள் எழுதினார். அவற்றில் இரண்டு மனிதனின் சுதந்திரத் தேர்வைப் பற்றியவை. பிறக்கும்போதே நல்லவன், கெட்டவன் என்று யாருக்கும் விதிக்கப்படுவதில்லை. மோசேயைப் போல நேர்மையாளனாகவோ, இஸ்ரவேலைப் பாவத்தில் தள்ளிய மன்னன் யெரொபெயாமைப் போலக் கேடனாகவோ ஆக எவனாலும் முடியும் என்கிறார். இறைவனுக்கு எல்லாம் முன்பே தெரியும் என்றால் தேர்வுக்கு என்ன பொருள்? அந்தக் கேள்வியையும் அவரே எழுப்பி, இறைவன் அறியும் விதம் மனித அறிவுக்கு எட்டாதது என்று நிறுத்திவிடுகிறார். முடிக்க முடியாத கேள்வியைத் தொடங்கியிருக்கவே கூடாது என்று தென் பிரான்சின் ரப்பி (யூத சமய ஆசான்) ஆபிரகாம் பென் தாவீது அவரைக் கடிந்துகொண்டார். கேள்வி இன்னும் தீரவில்லை. பொறுப்பை மட்டும் இருவருமே தளர்த்தவில்லை.

யூதச் சட்ட விவாதங்களும் கதைகளும் அடங்கிய தல்மூத் என்னும் நூலில் எலாசார் பென் தொர்தயா என்பவரின் கதை வருகிறது. பரத்தையர் வீடே கதி என்று கிடந்தவர். உனக்கு மன்னிப்பே கிடையாது என்று ஒரு பெண் சொன்ன சொல் தைத்துவிட, மலைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்து, எனக்காக இரக்கம் கேளுங்கள் என்று மலைகளிடம் கெஞ்சினார். எங்களுக்காகக் கேட்கவே எங்களுக்கு நேரம் போதவில்லை என்றன மலைகள். வானமும் பூமியும், சூரியனும் சந்திரனும், நட்சத்திரங்களும் அப்படியே கைவிரித்தன. இது என் ஒருவன் கையில்தான் இருக்கிறது என்று அப்போது உணர்ந்தார். முழங்கால்களுக்கிடையே தலையைப் புதைத்து அழுதவர் அழுதபடியே இறந்தார். வானத்திலிருந்து வந்த குரல் அவரை ரப்பி என்று அழைத்ததாம்.

வாய்விட்டுச் சொல்லுங்கள். மனத்துக்குள் வருந்துவது போதாது. தவறைக் கைவிட வேண்டும், வருந்த வேண்டும், இனிச் செய்வதில்லை என்று உறுதிகொள்ள வேண்டும், அதை இறைவன் முன் சொற்களால் சொல்லவும் வேண்டும். கைவிடாமல் சொல்வது, தீட்டான ஊர்வனவற்றைக் கையில் பிடித்துக்கொண்டே தூய்மைக் குளத்தில் மூழ்குவது போன்றது என்பார் மைமோனிடஸ். இடையில் குருவோ பூசாரியோ கிடையாது.

பாதிக்கப்பட்டவரிடம் போங்கள். யோம் கிப்பூர் நோன்பு இறைவனுக்கு எதிரான பிழைகளைத்தான் போக்கும். அயலானுக்குச் செய்த தீங்கை, அவனைச் சமாதானப்படுத்தும் வரை போக்காது என்பது, தல்மூதுக்கு அடிப்படையான சட்டத் தொகுப்பாகிய மிஷ்னாவின் சட்டம். திருடியது என்றால் முதலில் பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், பிறகுதான் மன்னிப்பு. அவர் மறுத்தால் மூன்று பேரை அழைத்துக்கொண்டு மறுபடி போக வேண்டும்; இப்படி மூன்று முறை. அதற்கு மேலும் மறுத்தால் குற்றம் அவர் பக்கம் போய்விடும். அவர் இறந்துவிட்டிருந்தால் பத்துப் பேரோடு கல்லறைக்குச் சென்று, அவர்கள் கேட்கத் தன் தவறைச் சொல்ல வேண்டும்.

திருடிய உத்தரத்தை வீட்டில் வைத்துக் கட்டிவிட்டவன் என்ன செய்வது? வீட்டை இடித்து அதே மரத்தைக் கொடு என்றது பண்டைய அறிஞர் ஷம்மாயின் பள்ளி. விலையைக் கொடுத்தால் போதும் என்றது அதற்கு மாறாக நின்ற ஹில்லேலின் பள்ளி, திரும்பி வருபவனின் வழியை அடைக்கக் கூடாது என்பதற்காக. சட்டம் ஹில்லேலின் பக்கம் நின்றது. யாரை ஏமாற்றினோம் என்றே தெரியாத அளவுக்கு ஊரை ஏமாற்றியவன், கிணறு போல ஊருக்குப் பொதுவான ஒன்றைச் செய்து தர வேண்டும்.

அதே சூழல் திரும்ப வரும்போது விலகி நில்லுங்கள். அதே ஆள், அதே இடம், அதே வலிமை இருந்தும் செய்யாமல் விட்டால்தான் திரும்புதல் முழுமை. முதுமையால் கைவிட்டதும் ஏற்கப்படும், ஆனால் அது இரண்டாம் தரம்.

செய்யக்கூடாதவை

பிறகு திரும்பிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டுத் தவறு செய்யாதீர்கள். அப்படிச் செய்பவனுக்குத் திரும்ப வாய்ப்பே தரப்படாது என்கிறது மிஷ்னா. காரணம் கடுமையானது. ஒரு பிழை இன்னொரு பிழையை இழுத்து வரும். இரண்டு முறை செய்தது மூன்றாம் முறை பிழையாகவே தெரியாது. பாவம் மனிதனின் இதயத்தை அடைத்துவிடும் என்கிறார்கள் தல்மூதின் அறிஞர்கள். எகிப்து மன்னன் பார்வோனின் இதயத்தை இறைவன் கடினமாக்கினார் என்ற விவிலியப் பகுதியையும் மைமோனிடஸ் இப்படியே படிக்கிறார். முதலில் அவன் தானாக அடிமைகளைக் கொடுமைப்படுத்தினான். பிறகு, திரும்பும் உரிமையே அவனிடமிருந்து எடுக்கப்பட்டது. தீமையின் முதல் தண்டனை நெருப்பாகவோ நரகமாகவோ இருக்க வேண்டியதில்லை. தேர்ந்தெடுக்கும் சுதந்திரமே நம் கையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடுவது போதும்.

திரும்பி வந்தவரிடம் பழையதைச் சொல்லிக் காட்டாதீர்கள். 3ஆம் நூற்றாண்டில் கலிலேயாவில் வாழ்ந்த ரேஷ் லாகிஷ் ஒரு காலத்தில் கொள்ளைக்காரர். ரப்பி யோகனான் அவரைத் தோரா என்னும் இறைச்சட்டக் கல்வியின் பக்கம் இழுத்து, தம் சகோதரியையும் மணமுடித்துக் கொடுத்தார். ஒரு நாள் வாளும் கத்தியும் எந்த நிலையில் முழுமை பெற்ற கருவிகளாகின்றன என்ற விவாதத்தில் ரேஷ் லாகிஷ் மாற்றுக் கருத்துச் சொல்ல, கொள்ளையனுக்குக் கொள்ளைத் தொழில் தெரியும்தானே என்றார் யோகனான். அந்த ஒரு சொல் இருவரையும் பிரித்தது. ரேஷ் லாகிஷ் நோயில் விழுந்தார். சகோதரி அழுது மன்றாடியும் யோகனான் இறங்கவில்லை. நண்பர் இறந்த பிறகு, அவர் பெயரைச் சொல்லிக் கதறியபடி யோகனான் சித்தம் கலங்கி மாண்டார். தம் மிகப் பெரிய ஆசான் ஒருவரின் இந்தக் கொடுமையைத் தல்மூத் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறது.

அடுத்தவர் துன்பத்துக்கு அவர் பாவத்தைக் காரணம் காட்டாதீர்கள். நோயுற்றவரிடமும் பிள்ளையைப் புதைத்தவரிடமும், விவிலியத்தில் துன்பத்தில் கிடந்த யோபிடம், உன் பாவம்தான் காரணம் என்று அவன் நண்பர்கள் பேசியதுபோல் பேசுவது தடைசெய்யப்பட்ட வன்சொல். பணத்தில் செய்த ஏமாற்றைத் திருப்பித் தரலாம், இதைத் திருப்பித் தர வழியில்லை என்பதால் இதுவே பெரிய குற்றம். நாஜிகள் செய்த யூதப் படுகொலையைப் பாவத்துக்கான தண்டனை என்று சொன்ன ரப்பிகளும் உண்டு. அதை உறுதியாக மறுத்தவர்களில் ஒருவர் ரப்பி எலியேசர் பெர்கோவிட்ஸ். மறுத்தவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது.

இறந்தவருக்கும் தீர்ப்பு எழுதாதீர்கள். கெஹின்னோம் என்னும் நரகத்தில் தீயவர்கள் தண்டனை பெறும் காலம் 12 மாதம் என்கிறது மிஷ்னா. இறந்த பெற்றோருக்காகக் கதிஷ் என்னும் ஜெபம் சொல்லும் பிள்ளை முழு 12 மாதமும் சொன்னால், தன் தாயோ தந்தையோ தீயவர் என்று தானே அறிவித்ததாகிவிடும். அதனால் 11 மாதத்தோடு நிறுத்திக்கொள்வதே பரவலான வழக்கம்.