ஹேம்ஸ்டர் வளர்க்கலாம், அணில் வளர்க்கக் கூடாதா?

ஹேம்ஸ்டரும் அணிலும் கொறித்துண்ணும் விலங்குகள். இரண்டுக்கும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும் வெட்டுப்பற்கள் உண்டு. ஆனால், சிங்கப்பூரில் ஹேம்ஸ்டரைக் கடையில் வாங்கி வளர்க்கலாம்; அணிலைப் பிடித்து வளர்த்தால் குற்றம். ஏன் இந்த வேறுபாடு? விடை உயிரியலில் இருக்கிறது.

வீவக புளோக்குகளைச் சுற்றியுள்ள மரங்களில் நாம் பெரும்பாலும் காண்பது வாழை அணில். பழுப்பு முதுகு, செம்பழுப்பு வயிறு, விலாவின் இருபுறமும் கறுப்பும் வெளிர்மஞ்சளுமான கோடு ஆகியவை இதன் அடையாளங்கள். (இராமாயணக் கதையில் வரும் முதுகில் கோடுகள் கொண்ட அணில் இதுவன்று, அது இந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் வேறோர் இனம்.)

வனவிலங்குச் சட்டத்தின்படி, அனுமதியின்றி வனவிலங்கைப் பிடிக்கவோ வைத்திருக்கவோ கூடாது. 2020 ஜூன் முதல் உணவு கொடுப்பதும் குற்றம். முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். சன்னலோரம் வரும் அணிலுக்கு ரொட்டித் துண்டு வைப்பதும் இதில் அடங்கும்.

இனி ஹேம்ஸ்டரைப் பார்ப்போம். 1930இல் சிரியாவின் அலெப்போ நகருக்கு அருகே, இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியலாளர் ஒரு தாய் ஹேம்ஸ்டரையும் அதன் 11 குட்டிகளையும் வளையிலிருந்து தோண்டி எடுக்கச் செய்தார். இன்று கடைகளில் உள்ள சிரியா ஹேம்ஸ்டர்களில் ஏறக்குறைய எல்லாமே அந்தக் குடும்பத்தின் வாரிசுகள். கிட்டத்தட்ட நூறு ஆண்டுகளாகக் கூண்டிலேயே பிறந்து, கூண்டிலேயே இனப்பெருக்கம் செய்து வந்தவை அவை.

“குட்டியிலிருந்தே வளர்த்தால் அணிலும் பழகிவிடுமே” என்று நீங்கள் கேட்கலாம். பழகும். ஆனால் பழகிய விலங்கு வேறு, வீட்டு விலங்கு வேறு. பழக்கம் ஒரு விலங்கின் வாழ்நாளில் ஏற்படும் மாற்றம். அதன் மரபணுவில் எதுவும் மாறுவதில்லை. வீட்டு விலங்காவது பல தலைமுறைத் தேர்வினால் நிகழ்வது. அதனால்தான் குட்டியாக இருந்தபோது தோளில் உறங்கிய அணில், பருவம் வந்ததும் திடீரென்று கடிக்கிறது. கொட்டைகளையும் விதைகளையும் மட்டுமே தின்று வளரும் அணிலுக்குக் கால்சியம் போதாமல் எலும்புகள் வலுவிழக்கின்றன. கொறிக்கக் கட்டை கிடைக்காவிட்டால் பற்கள் அளவுமீறி நீண்டு, உண்ணவே முடியாமல் போகும்.

சிப்மங்க் என்ற சிறிய கோடு போட்ட அணிலின் கதை வேறு. அதற்குச் சிங்கப்பூர் சொந்த ஊரன்று. முயல், கினிப்பன்றி, சின்சில்லா முதலியவை உள்ள அனுமதிப் பட்டியலிலும் அது இல்லை. ஐரோப்பாவில் சைபீரியச் சிப்மங்க் செல்லப்பிராணியாக விற்கப்பட்டது. தப்பியவையும் விடப்பட்டவையும் பிரான்ஸ், பெல்ஜியம் காடுகளில் பெருகின. பாரிஸ் அருகே உள்ள செனார் காட்டில், லைம் நோய்க் கிருமியை உண்ணிகளுக்குக் கடத்துவதில் அவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு என ஆய்வாளர்கள் கண்டனர். 2016இல் ஐரோப்பிய ஒன்றியம் வெளியிட்ட ஊடுருவும் அயல் இனங்களின் முதல் பட்டியலில் சைபீரியச் சிப்மங்கும் வேறு மூன்று அணில் இனங்களும் இடம்பெற்றன. இங்கேயும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு: பிடாடாரி வட்டாரத்தில் காணப்படும் ஃபின்லேசன் அணில் தாய்லாந்துப் பகுதியைச் சேர்ந்தது. வளர்ப்புக் கூண்டிலிருந்து தப்பியவற்றின் வழித்தோன்றலாக அது இருக்கலாம்.

மழைக்குப் பிறகு மரத்தடியில் குட்டி அணில் விழுந்து கிடந்தால் என்ன செய்வது? முதலில் தள்ளி நின்று கவனியுங்கள். தாய் வந்து வாயில் கவ்வி வேறு கூட்டுக்குத் தூக்கிச் செல்லக்கூடும். பசும்பால் புகட்டாதீர்கள், அது செரிக்காது, நுரையீரலுக்குள்ளும் போய்விடலாம். குட்டிக்குக் காயம் இருந்தாலோ பூனைகள் சுற்றினாலோ, தேசியப் பூங்காக் கழகத்தையோ ‘ஏக்கர்ஸ்’ வனவிலங்கு மீட்பு அமைப்பையோ அழையுங்கள். அவர்கள் வரும்வரை காற்றோட்டமுள்ள பெட்டியில் துணி விரித்து, நிழலில் வைத்தால் போதும்.