பிறேக் மிதி உணர்த்தும் குறிப்பு

பழைய காரின் பிறேக் வலிகுன்றியதும் தொகுதி முழுவதையும் மாற்றப் புகுதல், மாணவன் விட்ட ஒரு பிழைக்காகப் பாடம் முழுவதையும் மீண்டும் எழுதுவிப்பதை ஒக்கும். பிழை எங்குளதென்பதை மிதியே உணர்த்தும்.

மொறிஸ் மைனர் போன்ற கார்களில் மிதியை நமது கால்வலி ஒன்றே இயக்கும். வலுவூட்டிய பிறேக்கிலோ, எஞ்சின் உறிஞ்சுவதால் உண்டாகும் பகுதி வெற்றிடம் றப்பர் மென்றகடொன்றின் ஒரு புறத்தே நிற்கும். மிதியை அழுத்துங்கால் மறுபுறத்தே வளி புகும். அவ்வமுக்க வேறுபாடே காலுக்குத் துணையாகும்.

இத்துணை உண்டா என அறிதல் எளிது. சமதரையில் காரை நிறுத்திக் கைப்பிறேக்கை இடுக. எஞ்சினை நிறுத்தி, மிதி கடினமாகும்வரை ஐந்தாறு முறை அழுத்துக. அழுத்தியவாறே எஞ்சினை இயக்குக. மிதி சற்றுத் தாழுமாயின் துணை உண்டு.

தாழாவிடின், முதலில் வெற்றிடக் குழாயில் வெடிப்போ தளர்வோ உளதா என நோக்குக. அடுத்து ஒருவழி வால்வை ஆராய்க. அது செவ்வையாயின், எஞ்சினை நிறுத்திய பின்னரும் ஓரிரு முறை மிதி இலகுவாய் அழுந்தும். இவை பழுதற்று, குழாயில் ஏறத்தாழ 18 அங்குல இரச அளவு வெற்றிடமும் இருப்பின், வலுவூட்டியை மாற்றுதல் தகும்.

மிதி பஞ்சுபோல் அமிழ்ந்தால் எண்ணெய்க் குழாய்களில் வளி புகுந்துளது. மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டே போனால் தலைமை உருளை பழுதாயிருக்கலாம், எங்கேனும் எண்ணெய் கசியவுங்கூடும். இவற்றுக்குப் புதிய வலுவூட்டி மருந்தாகாது.

பழைய காரைப் பேணுதல் பெருமையே. ஆயின், வேண்டிய இடத்தில் அது நில்லாதொழியின், அப்பெருமைக்கு விலை கொடுப்பவன் வீதியைக் கடக்கும் சிறுவனே என்பதை நாம் மறத்தலாகாது.